எந்த எஞ்சின், எந்த ஆண்டு? செகண்ட் ஹேண்ட் ஜெர்மன் வேகக் கார்களின் ஆயுள் கணக்கு

2005-ஆம் ஆண்டின் ‘இன்டர்நேஷனல் எஞ்சின் ஆஃப் தி இயர்’ விருது பிஎம்டபிள்யூவின் ஐந்து லிட்டர் வி10 எஞ்சினுக்குப் போனது. மறு ஆண்டும் அதுவே வென்றது. 2007, 2008 இரண்டு ஆண்டும் அதே நிறுவனத்தின் மூன்று லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின் பரிசைத் தட்டிக்கொண்டு போனது. இந்த இரண்டில் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்க நினைப்பவர் இன்று விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் போனால், பாராட்டுக்கு முன்னால் கேள்விதான் வரும். வி10 என்றால், “ராடு பேரிங் மாற்றியாயிற்றா?” இரட்டை டர்போ என்றால், “பெட்ரோல் பம்ப் எத்தனை தடவை போயிற்று?”

விருதுக் குழு ஓட்டிப் பார்த்தது புத்தம்புது வண்டியை. மூன்றாவது சொந்தக்காரர் கையில் எடுப்பதோ பதினைந்து வயது வண்டியை. இடைப்பட்ட காலத்தில் விலை சரிகிறது, செலவு சரிவதில்லை. அந்த வி10 எஞ்சினுடன் வந்த எம்5 கார், ஜெர்மனியில் புதிதாக ஏறத்தாழ 86,000 யூரோவுக்கு விற்றது. பிறகு அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சந்தையில் கிடைத்தது. ஆனால் உதிரி பாகம் வாங்கப் போனால், கடைக்காரர் நீட்டுவது 86,000 யூரோ காருக்கான பில்தான்.

அதனால்தான் “ஜெர்மன் வேகக் கார் நீண்ட நாள் உழைக்குமா?” என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வருகிறது. மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓட்டியவரும் இருக்கிறார். முதல் மாதத்திலேயே எஞ்சினை இறக்கியவரும் இருக்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. எழுதிவைக்கப்பட்ட பழுதுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. காரின் முகப்பில் இருக்கும் சின்னம் ஆயுளைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. எஞ்சினின் குறியீட்டு எண், அது தயாரான ஆண்டு, முன்னால் வைத்திருந்தவரின் பராமரிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன.

பெயர் வந்த வழி

ஜெர்மன் எஞ்சின் அழியாது என்ற பெயர் வேகக் கார்களால் வந்ததல்ல. அதைச் சம்பாதித்துக் கொடுத்தவை டாக்சிகள். கிரேக்க நாட்டின் தெசலோனிகியைச் சேர்ந்த டாக்சி ஓட்டுநர் ஒருவர் தம்முடைய 1976 மாடல் மெர்சிடிஸ் 240டி காரை 46 லட்சம் கிலோமீட்டர் ஓட்டினார். 2004-இல் அந்தக் கார் மெர்சிடிஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஓட்டத்திலும் ஒரே எஞ்சின் முழுக்க உழைக்கவில்லை. மூன்று எஞ்சின்களை வைத்துக்கொண்டு ஒன்றை இறக்கிச் சரிபார்க்கும்போது இன்னொன்றைப் பொருத்தி ஓட்டியிருக்கிறார்.

அந்த 2.4 லிட்டர் டீசல் எஞ்சினின் சக்தி 65 குதிரைத்திறன். லிட்டருக்கு 27. எம்5-இன் வி10 எஞ்சின் 507 குதிரைத்திறன். லிட்டருக்கு நூறைத் தாண்டுகிறது. 2019-இல் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி கொண்டுவந்த இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின் 421 குதிரைத்திறன் தந்தது, லிட்டருக்கு 210. ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் இவ்வளவு கறக்கும்போது வெப்பம், அழுத்தம், வேகம் மூன்றும் ஏறுகின்றன.

வேகத்துக்கு ஒரு கணக்கு. 2000-த்தில் வந்த எம்3 காரின் 3.2 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் தலா 91 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 8,000 சுழற்சியில் அந்தப் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 24 மீட்டரைத் தாண்டும். பந்தய எஞ்சின்களில் பார்க்கிற வேகம் இது. பந்தய எஞ்சினைச் சில போட்டிகளுக்கு ஒருமுறை பிரித்துப் பார்ப்பார்கள். எம்3 வாங்கியவரோ அதில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அலுவலகம் போகிறார்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

ஜெர்மனியில் ஒவ்வொரு காரும் மூன்றாவது ஆண்டில் ஒருமுறையும் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயத் தகுதிச் சோதனைக்குப் போக வேண்டும். சோதனை நடத்தும் டூஃப் அமைப்புகள் ஆண்டுதோறும் குறைபாட்டுப் பட்டியல் வெளியிடுகின்றன. போர்ஷே 911 அந்தப் பட்டியலின் உச்சியில், மிகக் குறைந்த குறைபாடுள்ள கார்களில் ஒன்றாக, பல முறை இடம்பிடித்திருக்கிறது. விற்பவர்கள் முதலில் நீட்டும் சான்றிதழ் அதுதான். ஆனால் அந்தச் சோதனையில் பார்ப்பது பிரேக், விளக்கு, சஸ்பென்ஷன், துரு, ஆயில் கசிவு, புகை ஆகியவற்றை. எஞ்சினுக்குள் இருக்கும் பேரிங்கை யாரும் திறந்து பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு, 911 வைத்திருப்பவர் அதை ஷெட்டில் பூட்டி வைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பவராக இருக்கலாம். நல்ல பராமரிப்பும் குறைந்த ஓட்டமும் சேர்ந்து வாங்கிய மதிப்பெண் அது.

ஏடிஏசி என்ற ஜெர்மன் வாகன ஓட்டிகள் சங்கம் நடுவழியில் நின்ற கார்களின் கணக்கை வெளியிடுகிறது. அதில் முதல் குற்றவாளி எப்போதும் பேட்டரிதான். மேலும் எண்ணிக்கையில் மிகுந்த மாடல்களே அந்தக் கணக்கில் வரும். அரிதான வேகக் கார்கள் அதில் தலைகாட்டுவதில்லை.

எஞ்சினை மட்டும் பிரித்துப் பேசிய கணக்கு ஒன்று 2013-இல் பிரிட்டனில் வந்தது. பழைய கார்களுக்கு வாரண்டி விற்கும் ‘வாரண்டி டைரக்ட்’ நிறுவனம் தன் வாடிக்கையாளர்களின் இழப்பீட்டுக் கோரிக்கைகளைத் தொகுத்தது. ஹோண்டாவில் 344 எஞ்சினுக்கு ஒன்று பழுது. மெர்சிடிஸில் 119-க்கு ஒன்று. பிஎம்டபிள்யூவில் 45-க்கு ஒன்று. ஆடியில் 27-க்கு ஒன்று. பத்திரிகைகள் இதைத் தலைப்புச் செய்தியாக்கின. ‘ஜெர்மன்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேச முடியாது என்பதற்கு இதுவே சாட்சி: மெர்சிடிஸுக்கும் ஆடிக்கும் நடுவே நான்கு மடங்கு இடைவெளி. இந்தக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு பிராண்டின் சாதாரண டீசலையும் 420 குதிரைத்திறன் வி8 எஞ்சினையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கி எடுத்த சராசரி அது. வாங்கப்போகிறவருக்கு வேண்டியது சராசரி அல்ல, தன் முன்னால் நிற்கும் வண்டியின் எஞ்சின்.

ஒரு பேரிங்கின் கதை

1996-இல் பாக்ஸ்டரிலும் அடுத்து 911-இலும் போர்ஷே தண்ணீரால் குளிர்விக்கும் புதிய எஞ்சினுக்கு மாறியது. எம்96 என்பது அதன் குறியீடு. கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டுகளுக்குக் கொண்டுபோக, நடுவில் ஓர் இடைத்தண்டு இருக்கிறது. அந்தத் தண்டின் ஒரு முனையைத் தாங்குவது ஒரு பால் பேரிங். உள்ளே கிரீஸ் அடைத்து, இருபுறமும் சீல் வைத்து, ஆயுளுக்கும் தொட வேண்டாம் என்று பொருத்தப்பட்டது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. நாளடைவில் சீல் இறுகி விரிசல் விட, எஞ்சின் ஆயில் உள்ளே நுழைந்து கிரீஸைக் கழுவிவிடுகிறது. நுழைந்த ஆயிலும் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே கெட்டுப்போகிறது. குண்டுகளில் பள்ளம் விழுகிறது, தண்டு ஆடுகிறது, செயின் தடம் தவறுகிறது, வால்வுகள் பிஸ்டனில் மோதுகின்றன. ஒரு சின்ன பேரிங்குக்காக முழு எஞ்சினும் பலி.

அமெரிக்காவில் இது கூட்டு வழக்காகி 2013-இல் சமரசத்தில் முடிந்தது. 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்கள் அதற்குள் வந்தன. ஒற்றை வரிசைக் குண்டு பேரிங் கொண்ட எஞ்சின்களில் பழுது ஏறத்தாழ 8 சதவீதம், அதற்கு முந்தைய இரட்டை வரிசையில் ஒரு சதவீதத்துக்கும் கீழ் என்ற எண்கள் அந்த வழக்கின் வழியாகத்தான் பரவலாக வெளியே தெரிந்தன. ஒரே காரில், ஒரே பெயரில், தயாரிப்பு ஆண்டு மாறியதால் மட்டும் ஆபத்து பல மடங்கு கூடிக் குறைந்தது. 2006 வாக்கில் பெரிய பேரிங் வந்தது. அது உறுதியானது, ஆனால் எஞ்சினை இரண்டாகப் பிளக்காமல் அதை மாற்ற முடியாது. 2009 மாடலில் வந்த புதிய எஞ்சினில் போர்ஷே அந்த இடைத்தண்டையே எடுத்துவிட்டது.

ஒற்றை வரிசைப் பேரிங்கிலும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை தப்பித்தன. ஆனாலும் பீதி பரவி, 996 வகை 911 சந்தையிலேயே மலிவான 911 ஆனது. கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும்போது இந்தப் பேரிங்கின் மூடி கண்முன்னே வந்துவிடும். மூன்று போல்ட் மட்டுமே. விவரமறிந்தவர்கள் அந்தச் சமயத்தில் அதையும் மாற்றிவிடுகிறார்கள். வெளியே எடுத்த பழைய பேரிங்கை மெக்கானிக் விரலில் மாட்டிச் சுற்றிப் பார்ப்பார். நல்லது சத்தமில்லாமல் வழுக்கும். கெட்டது மணல் அரைபடுவது போலக் கரகரக்கும். விளிம்பில் கருத்த ஆயில் கசியும். அடிக்கடி ஓடிய கார்களைவிட நின்றே கிடந்த கார்களில் இது மோசமாக இருப்பதைப் பட்டறைக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ‘குறைந்த கிலோமீட்டர்’ என்ற விளம்பரம் இங்கே எதிர்விளைவாகிவிடுகிறது.

அதே காலத்தில், அதே நிறுவனத்தில், இன்னொரு எஞ்சினும் இருந்தது. 911 டர்போவிலும் ஜிடி3-யிலும் போர்ஷே பொருத்தியது பந்தய வழியில் வந்த எஞ்சின். 917 பந்தயக் காரின் எஞ்சினை வடிவமைத்த ஹான்ஸ் மெட்ஸ்கரின் பெயரால் அது அறியப்படுகிறது. இதில் மேற்படி பேரிங் சிக்கலே இல்லை. பழைய கார் சந்தையில் இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில், வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தோடு நிம்மதிக்குக் கொடுக்கும் பணமும் கலந்திருக்கிறது.

ஆயில் படலத்தின் மேல் 8,000 சுழற்சி

பிஎம்டபிள்யூவின் எம் பிரிவு எஞ்சின்களில் பேச்சு ராடு பேரிங்கைச் சுற்றி வருகிறது. கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடத்தில் இரண்டு அரைவட்டத் தகடுகள் இருக்கும். உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பது அங்கே ஓடும் மெல்லிய ஆயில் படலம். படலம் அறுந்தால் தகடு தேயும். தேய்ந்தால் தட்டும் சத்தம் வரும். சத்தம் கேட்ட பிறகு பெரும்பாலும் கிராங்க் மிஞ்சாது.

ஆறு சிலிண்டர் எம்3-இன் தொடக்ககால எஞ்சின்களில் இந்தப் பழுது தலைகாட்டியதும் நிறுவனமே கார்களை வரவழைத்துப் பேரிங்குகளை மாற்றிக் கொடுத்தது. ஆயிலையும் 5டபிள்யூ-30-இலிருந்து கனமான 10டபிள்யூ-60-க்கு மாற்றியது. அடுத்து வந்த எம்5-இன் வி10, 2007-இல் வந்த எம்3-இன் 4 லிட்டர் வி8 இரண்டிலும் அப்படி ஒரு பொதுவான ரீகால் நடக்கவில்லை. வி8-இன் உச்சம் 8,400 சுழற்சி, சக்தி 420 குதிரைத்திறன்.

காரணம் என்ன என்பதில் பொறியாளர்களுக்குள் இரண்டு கட்சி. பேரிங்குக்கும் கிராங்குக்கும் விட்ட இடைவெளி அந்தக் கனமான ஆயிலுக்குப் போதாது என்பது ஒரு கட்சி. எஞ்சின் சூடேறுமுன் ஆக்சிலரேட்டரை மிதிப்பவர்களும், ஆயிலை நெடுநாள் விட்டுவிடுபவர்களும்தான் காரணம் என்பது இன்னொரு கட்சி. ஐரோப்பியச் சட்டத்தால் ஈயம் ஒதுக்கப்பட்டபோது, 2010-க்குப் பிறகு தகடுகளின் உலோகமும் மாறியது. புதிய தகடு நல்லதா பழையதா என்ற வாக்குவாதமும் அதோடு சேர்ந்துகொண்டது.

வாதம் எப்படிப் போனாலும் பட்டறை ஒரு தீர்வுக்கு வந்துவிட்டது. பிரேக் பேட் மாற்றுவதைப் போல இதையும் தேயும் பொருளாகக் கருதி, கெடுவதற்கு முன்பே மாற்றிவிடுவது. எஞ்சினை மேலிருந்து தாங்கிப் பிடித்து, கீழே குறுக்குச் சட்டத்தையும் ஆயில் சம்ப்பையும் இறக்கி, ராடு ராடாக மூடியைக் கழற்றுகிறார்கள். எடுத்த தகடுகளை மேசையில் சிலிண்டர் வரிசைப்படி அடுக்குவார்கள். நன்றாக இருப்பவை ஒரே சீரான சாம்பல் நிறம். தேய்ந்தவற்றில் மேல்பூச்சு போய் அடியில் செம்பு நிறம் தெரியும். ஒரே எஞ்சினில் ஐந்தாவது ராடு பளிச்சென்றும் ஆறாவது செம்பு தெரிந்தும் இருப்பதைப் பார்க்கலாம். எஞ்சின் போனால் ஆகும் செலவில் இது சிறு பகுதிதான். அதனால் விற்பனை விளம்பரங்களில் ‘ராடு பேரிங் மாற்றியது’ என்ற வரிக்குத் தனி விலை உண்டு.

ஏஎம்ஜியிலும் இதேபோன்ற ஒரு சின்னப் பொருளின் கதை இருக்கிறது. அந்த நிறுவனம் அடிமுதல் நுனிவரை தானே வடிவமைத்த முதல் எஞ்சின் 2006-இல் வந்த 6.2 லிட்டர் வி8. 6,208 சிசி கொண்ட அதை 6.3 என்று விற்றார்கள். முழங்கும் குரலுக்குப் பெயர் பெற்ற எஞ்சின் அது. ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றில் சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்கும் போல்ட்டுகள் அரித்து முறிந்தன. கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்கியது. பிந்தைய ஆண்டுகளில் போல்ட்டின் வகையே மாறியது. அதனால் அந்த எஞ்சினுடன் வந்த சி63 காரை வாங்குபவர் முதலில் கேட்பது எஞ்சின் எண்ணைத்தான்.

வெப்பம், கரி, கீறல்

டர்போக்கள் வழக்கமாக வி வடிவ எஞ்சினின் வெளிப்புறம் தொங்கும். பிஎம்டபிள்யூ 2008-இல் என்63 என்ற வி8 எஞ்சினில் அவற்றை இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுப்பள்ளத்தில் வைத்தது. புகைப்பாதை குறுகியது, பிக்கப் உடனே கிடைத்தது, இடமும் மிச்சமானது. விலை என்னவென்றால், எஞ்சினின் நெஞ்சுக்குள்ளேயே அடுப்பு எரிந்தது. வண்டியை அணைத்த பிறகும் தணியாத அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் குழாய்களும் ஒயர்களும் நொறுங்கின. வால்வு சீல்கள் இறுகி, ஆயில் சிலிண்டருக்குள் கசிந்தது. சிக்னலில் சிறிது நேரம் நின்று கிளம்பும்போது பின்னால் நீலப்புகை தள்ளும். 2014 டிசம்பரில் நிறுவனம் அமெரிக்காவில் தனிப் பராமரிப்புத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஆயில் மாற்றும் இடைவெளியை 15,000 மைலிலிருந்து 10,000 மைலாகக் குறைத்தது.

ஆடி 2012-இல் கொண்டுவந்த நான்கு லிட்டர் டர்போ வி8-இலும் இதே நடுப்பள்ள அமைப்பு. அங்கே பழுதின் மையம் ஒரு சல்லடை. டர்போவுக்கு ஆயில் போகும் பாதையில் பொருத்திய சின்னக் கம்பிவலையில் கருகிய ஆயில் படிந்து அடைக்க, டர்போ ஆயிலில்லாமல் காய்ந்தது. பின்னர் அமெரிக்காவில் ரீகால் வந்தது. ஏஎம்ஜியும் போர்ஷேயும் பிற்பாடு அதே அமைப்புக்கு வந்தன. என்63 அளவுக்கு அவற்றின் பெயர் கெடவில்லை. அதனால் குற்றம் அமைப்பின்மேல் மட்டும் விழாது. சூட்டை வெளியேற்றிய விதம், சீலின் தரம், ஆயில் இடைவெளி எல்லாமே கணக்கில் வரும்.

நேரடி எரிபொருள் செலுத்தும் முறை இரண்டு புதிய தலைவலிகளைக் கொண்டுவந்தது. ஒன்று உயரழுத்தப் பம்ப். விருது வாங்கிய மூன்று லிட்டர் இரட்டை டர்போவில் இந்தப் பம்ப் திரும்பத் திரும்பக் கெட, 2010 அக்டோபரில் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,30,000 கார்கள் ரீகால் ஆயின. பம்ப்புக்கு மட்டும் பத்து ஆண்டு, 1,20,000 மைல் வாரண்டி கிடைத்தது. மற்றொன்று கரி. முன்பெல்லாம் பெட்ரோல் வால்வின் மேல் பட்டு அதைக் கழுவிக்கொண்டே உள்ளே போகும். நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும்போது வால்வுக்கு அந்தக் குளியல் இல்லை. 420 குதிரைத்திறன் ஆடி ஆர்எஸ்4-இல் உள்வால்வுகளின் முதுகில் கரி கெட்டியாகப் படிந்து சக்தி குறைந்ததாகப் பலர் புகார் சொன்னார்கள். வால்நட் ஓட்டை அரைத்த தூளைக் காற்றழுத்தத்தோடு அடித்துக் கரியைப் பெயர்த்தெடுக்கிறார்கள். எஞ்சினைக் கொல்லும் பழுது அல்ல இது. சில ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு.

அதைவிடக் கனமான செலவு அதே ஆடியின் முந்தைய எஸ்4 கார்களில் இருந்தது. 2003 முதல் 2008 வரை வந்த அந்த 4.2 லிட்டர் வி8-இல் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயினுக்கு வழிகாட்டும் பிளாஸ்டிக் பட்டைகள் உடைந்தால், மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். பட்டையின் விலை அற்பம். கூலிதான் காரின் விலையோடு போட்டி போடும்.

சிலிண்டர் சுவரிலும் ஜெர்மானியர்கள் பல சோதனைகள் செய்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிஎம்டபிள்யூ வி8-இல் நிக்கல்-சிலிகான் பூச்சு வந்தது. கந்தகம் மிகுந்த பெட்ரோல் விற்ற பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அந்தப் பூச்சு அரித்தது. நிறுவனம் வேறு சுவருக்கு மாறியது. ஊரின் பெட்ரோலும் எஞ்சினின் விதியை எழுதும் என்று அப்போதே தெரிந்தது. போர்ஷே 911-இன் 996, 997 வகைகளின் எஞ்சின்களில் சிலிகான் செறிந்த அலுமினியச் சுவர். பிஸ்டனின் பூச்சு தேய்ந்ததும் சுவரில் நெடுக்காகக் கீறல் விழுகிறது; குளிர்நாடுகளில் இது அதிகம். சூடான எஞ்சினில் டிக் டிக் சத்தம், ஒரு பக்கப் புகைக்குழாயில் மட்டும் மிகுந்த கரி, கூடும் ஆயில் செலவு ஆகியவை இதன் அடையாளங்கள்.

பெயர் கெடாதவை

பழுதுகளை மட்டும் அடுக்கினால் படம் பாதிதான். 2002-இல் வந்த ஏஎம்ஜி ஈ55-இன் சூப்பர்சார்ஜர் வி8 எஞ்சின் 476 குதிரைத்திறன் கொடுத்தும் நெடுநாள் உழைத்துப் பெயர் வாங்கியது. சிலிண்டர் வரிசைக்கு ஒரே கேம் ஷாஃப்ட், சிலிண்டருக்கு மூன்று வால்வு, பழைய பாணிப் பெட்ரோல் ஊசி என்று எளிய அமைப்பு. அதில் அடிக்கடி கெடுவது இன்டர்கூலருக்குத் தண்ணீர் தள்ளும் சின்ன பம்ப்; அது எளிதாக மாற்றக்கூடியது. ஆடியின் 2.5 லிட்டர் ஐந்து சிலிண்டர் டர்போ எஞ்சின் 2010 முதல் ஒன்பது ஆண்டு தொடர்ந்து தன் பிரிவு விருதை வென்றது. விருதும் ஆயுளும் கைகோத்த அரிய உதாரணம். 2015-இல் வந்த பிஎம்டபிள்யூ பி58 எஞ்சினோ நேரடி ஊசி, டர்போ இரண்டும் இருந்தும் உறுதியானதாகப் பெயர் பெற்றது. டொயோட்டா தன் சுப்ராவுக்கு அதையே எடுத்துக்கொண்டது.

தன் தவறைத் திருத்திக்கொண்ட வேகமும் இந்தக் கணக்கில் சேரும். 2014-இல் புதிய 911 ஜிடி3 கார்கள் இரண்டு தீப்பற்றின. கனெக்டிங் ராடு போல்ட் தளர்வதே காரணம் என்று கண்டதும், போர்ஷே உலகம் முழுக்க இருந்த 785 கார்களுக்கும் புது எஞ்சினே மாற்றிக் கொடுத்தது. பிறகு அதே தலைமுறையில் வால்வை இயக்கும் பாகங்கள் தேய்ந்தபோது, எஞ்சின் வாரண்டியைப் பத்து ஆண்டு, 1,20,000 மைலாக நீட்டியது.

முதல் கையும் மூன்றாம் கையும்

ஜெர்மனியில் பதிவாகும் புதுக் கார்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தனிமனிதர் பெயரில் அல்ல, நிறுவனங்களின் பெயரில் பதிவாகின்றன. விலை உயர்ந்த கார்கள் பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டுக் குத்தகை வண்டிகள். குத்தகைக்காரருக்கு வேண்டியது குறைந்த பராமரிப்புச் செலவு. அந்தத் தேவைக்கேற்ப ஆயில் மாற்றும் இடைவெளி 30,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு ஆண்டு வரை நீண்டது. முதல் கையில் எந்தக் குறையும் தெரியாது. இறுகும் சீல், தேயும் பேரிங், படியும் கரி எல்லாம் அடுத்தவர் தலையில் விடியும். அதனால்தான் பழைய கார் வாங்கியவர்கள் கம்பெனி சொல்வதில் பாதி தூரத்திலேயே ஆயிலை மாற்றுகிறார்கள்.

ஓடிய தூரத்தையும் அப்படியே நம்ப முடியாது. ஜெர்மனியில் மூன்றில் ஒரு பழைய காரின் மீட்டர் திருத்தப்பட்டிருக்கலாம் என்பது போலீஸாரின் பல ஆண்டு மதிப்பீடு. பெல்ஜியம் 2006 முதல் ஒவ்வொரு சர்வீஸிலும் மீட்டர் அளவைப் பதிவு செய்து, விற்கும்போது ‘கார்-பாஸ்’ என்ற சான்று கொடுக்கக் கட்டாயப்படுத்தியது; அங்கே இந்த மோசடி வெகுவாகக் குறைந்தது.

வாங்குபவர் செய்ய வேண்டிய வேலை இதிலிருந்தே பிறக்கிறது. எஞ்சின் குறியீட்டையும் தயாரிப்பு மாதத்தையும் எழுதிக்கொண்டு, அந்த எஞ்சினுக்கு என்று பேர்போன பழுது சரிசெய்யப்பட்டதற்கான பில்லைக் கேட்க வேண்டும். “சர்வீஸ் எல்லாம் பக்காவாகச் செய்தது” என்ற வாய்வார்த்தை பில் ஆகாது. எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது முதல் ஸ்டார்ட் போட்டுக் கேட்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் காரணத்தைக் கேட்க வேண்டும். ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் கேமரா விட்டுச் சிலிண்டர் சுவரைப் பார்க்கலாம். நல்ல சுவர் சீராக இருக்கும். கெட்ட சுவரில் மேலிருந்து கீழாகக் கருங்கோடுகள் ஓடும். பழைய ஆயிலில் சிறு புட்டி எடுத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினால் ஈயம், செம்பு, இரும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவில் தாள் வரும். ஈயம் இல்லாத பேரிங்கில் ஈயம் காட்டாது என்பதையும் நினைவில் வைத்தே அந்தத் தாளைப் படிக்க வேண்டும். ஆயில் ஃபில்டரை அறுத்துப் பிரித்து, மடிப்புகளுக்கிடையே மினுக்கும் துகள் இருக்கிறதா என்று பார்ப்பது இன்னும் பழைய, இன்னும் மலிவான வழி.

உற்பத்தியாளரே பந்தயம் கட்டுகிறாரா என்பதும் ஒரு குறிப்பு. போர்ஷே 111 அம்சச் சோதனையில் தேறிய கார்களுக்கு ஐரோப்பாவில் பதினைந்து வயது வரை வாரண்டி விற்கிறது. இன்னொருவரின் எஞ்சினுக்குத் தன் பணத்தைப் பணயம் வைக்கும் நிறுவனம் அதன் பலவீனத்தைக் கணக்கிட்டுத்தான் வைத்திருக்கும்.

இந்தப் பட்டியல் இப்போது வேறு திசையில் வளர்ந்துகொண்டிருக்கிறது. 2022-இல் வந்த ஏஎம்ஜி சி63-இல் வி8 இல்லை. இரண்டு லிட்டர் எஞ்சினே 476 குதிரைத்திறன் தருகிறது, லிட்டருக்கு 238. டர்போவுக்குள் ஒரு மின்மோட்டார், பின்சக்கரத்துக்கு இன்னொன்று, 400 வோல்ட் பேட்டரி, அதன் செல்களைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு திரவம். மொத்தம் 680 குதிரைத்திறன். இவை மூன்றாம் கைக்கு வரும்போது பார்க்க வேண்டியவற்றில் பேரிங்கும் சீலும் மட்டும் இருக்காது. உயர் மின்னழுத்தத்தில் வேலை செய்ய ஜெர்மனியில் மெக்கானிக்குக்குத் தனிப் பயிற்சியும் சான்றும் வேண்டும். ராடு பேரிங் மாற்றியே பேர் வாங்கிய சின்னப் பட்டறைகளில் எத்தனை அந்தச் சான்றை வாங்கும் என்பதைப் பொறுத்துதான் இந்தக் கார்களின் பழைய விலை அமையும்.